சாக்கெட்டில் உட்கார்ந்தது, டிஸ்பிளே வரவில்லை

நம் ஊரில் கேபினெட் முழுவதற்குமே ‘சிபியு’ என்றுதான் பெயர். “சிபியுவை மாத்தணும்” என்று யாராவது வந்து நின்றால், மொத்தப் பெட்டியையா, உள்ளே தீப்பெட்டி அகலத்தில் உட்கார்ந்திருக்கும் பிராசசரையா என்று கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் இந்தக் குழப்பத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. பிராசசரை மட்டும் தனியாகக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம் என்ற நினைப்பில்தான் பழைய மெஷின்களில் பெரும்பாலான வம்பு தொடங்குகிறது.

“பிராசசர் டெட்” என்று கடையில் திருப்பிக் கொடுக்கப்படும் சில்லு, அடுத்த மேசையில் இருக்கும் வேறொரு மதர்போர்டில் ஜோராக ஓடும். பிராசசர் லேசில் சாகாது. மின்சாரம், பயாஸ் (மெஷினை எழுப்பும் மென்பொருள்), பஸ் வேகம் (பிராசசருக்கும் போர்டுக்கும் இடையே தரவு ஓடும் பாதையின் வேகம்), சூடு என்று ஏதோ ஒரு காரணத்துக்காகப் போர்டுதான் அதை ஏற்க மறுக்கிறது. காரணத்துக்குத் தக்கபடி மறுக்கும் விதமும் மாறும். அந்த விதத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இதைச் சொல்ல பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டுகளில் இன்டெலின் எல்ஜிஏ 775-ஐ விடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. 2004-ல் பென்டியம் 4-உடன் வந்த சாக்கெட் அது. அதே 775 தொடுமுனைகளில் 2005-ல் பென்டியம் டி, 2006 ஜூலையில் கோர் 2 டியோ, 2007 தொடக்கத்தில் கோர் 2 குவாட் கியூ6600, 2008-ல் 45 நானோமீட்டர் கோர் 2 டியோ இ8400 என்று வரிசையாக வந்து உட்கார்ந்தன. போர்டுகளோ, அவற்றில் பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்செட்டின் பெயரால், 915, 945, 965, ஜி31, ஜி41 எனத் தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே போயின. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாக்கெட். எந்தப் பிராசசரும் எந்தப் போர்டிலும் ‘கிளிக்’ என்று உட்காரும். சாவி துளைக்குள் நுழைகிறது, ஆனால் எல்லாச் சாவியும் திரும்புவதில்லை.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். தனக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்பதைப் பிராசசரே சில தொடுமுனைகள் வழியாக ஒரு குறியீடாகப் போர்டுக்குச் சொல்லும். சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் விஆர்எம் என்ற மின் பகுதி அதைப் படித்து, எஸ்எம்பிஎஸ் என்ற மின் பெட்டி தரும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கிக் கொடுக்கும். பென்டியம் 4 காலத்து விஆர்எம்முக்குப் புரியும் பாஷை ஒன்று, கோர் 2 பேசும் பாஷை வேறு. அதனால் 2005-ல் வந்த 945 போர்டுகளில் ஆரம்பகாலத் தயாரிப்புகள் பலவற்றில் கோர் 2 டியோவை மாட்டினால் ஒரு பீப் சத்தம்கூட வராது. விசிறி சுற்றும், அல்லது இரண்டு விநாடி சுற்றி நின்று மறுபடி சுற்றும். பயாஸை எத்தனை முறை புதுப்பித்தாலும் பயன் இல்லை, ஏனென்றால் குறை மென்பொருளில் இல்லை. கோர் 2 வந்தபின் அதே 945 சிப்செட்டை வைத்து, விஆர்எம்மை மட்டும் மாற்றி, அதே பெயரிலோ ஓரெழுத்து கூட்டியோ புதுப் போர்டுகள் விற்பனைக்கு வந்தன. எனவே “945-ல் ஓடும்” என்பவரும் “ஓடாது” என்பவரும் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். இதைத் தீர்த்துவைப்பது போர்டின் விளிம்பில் பொடியாக அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண். இன்டெலே தயாரித்த போர்டுகளில் ஏஏ என்று தொடங்கும் எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பிராசசர் ஆதரவுப் பட்டியலையே அந்த எண்ணை வைத்துத்தான் பிரித்திருந்தார்கள்.

பிராசசரின் உலோக மூடியையும் படித்துப் பார்ப்பது நல்லது. பழைய பேஸ்ட்டைத் துடைத்தால் நான்கைந்து வரி தெரியும். கியூ6600-இல் வேகம், கேஷ் அளவு, பஸ் வேகம் எல்லாம் முடிந்து கடைசியாக 05ஏ அல்லது 05பி என்றிருக்கும். அது எந்த அளவு மின்சாரத்துக்குத் தயாரான போர்டு வேண்டும் என்பதன் குறி. கியூ6600 முதலில் வந்தபோது 105 வாட், மூடியில் எஸ்எல்9யூஎம் என்ற தயாரிப்புக் குறி, 05பி. பிறகு அதே பெயரில், அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் 95 வாட் ஆகக் குறைத்து வந்தது எஸ்எல்ஏசிஆர், 05ஏ. பழைய சந்தையில் இரண்டும் ஒரே விலைக்குக் கிடைக்கும்போது எதை எடுப்பது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வாட் கணக்கு ஏன் முக்கியம் என்றால், 95 வாட்டை 1.25 வோல்ட்டில் கொடுக்க ஏறத்தாழ 75 ஆம்பியர் ஓட வேண்டும். ஆம்பியரை மட்டும் பார்த்தால் ஒன்றரை டன் ஏசி இழுப்பதைப் போலப் பத்து மடங்கு. அது முழுக்கச் சாக்கெட்டைச் சுற்றியுள்ள நாலைந்து சதுர அங்குலத்தில் நடக்கிறது. இன்டெலின் மலிவுப் பிராசசரான செலரானுக்காகச் சிக்கனமாகச் செய்யப்பட்ட போர்டில் இரண்டு மூன்று காயில்களும் சில கெப்பாசிட்டர்களும்தான் இந்தச் சுமையைத் தாங்க வேண்டும். அந்தக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, பூரி மாதிரி உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2000-களின் முற்பாதியில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போர்டுகளில் ஏறி, சில வருடங்களில் உப்பி ஒழுகின. டெஸ்க்டாப் வரை அருமையாக வந்து, வீடியோவோ விளையாட்டோ தொடங்கியதும் ரீஸ்டார்ட் ஆனால் சந்தேகம் முதலில் கெப்பாசிட்டர் மேலும் எஸ்எம்பிஎஸ் மேலும் போக வேண்டும். 450 வாட் என்று ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். மலிவு எஸ்எம்பிஎஸ்களில் அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான் 450 வாட்.

இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் செருகும் நான்கு முனை 12 வோல்ட் இணைப்பைத் திரும்பச் செருக மறந்தாலும் இதே அறிகுறிதான். விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். பிராசசரைக் குறை சொல்லுமுன் அந்த ஒயரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பயாஸ். ஒவ்வொரு பிராசசருக்கும் அடையாள எண் உண்டு. மெஷின் எழும்போது பயாஸ் அந்த எண்ணைப் படித்து, தன்னிடம் இருக்கும் மைக்ரோகோடு (பிராசசரின் உள்வேலையைத் திருத்தும் சிறு நிரல்) தொகுப்பில் அதற்குரியதைத் தேடி ஏற்றும். எண் பட்டியலில் இல்லையென்றால் என்ன நடக்கும் என்பது போர்டைப் பொறுத்தது. சில முற்றாக ஊமையாகிவிடும். சில மைக்ரோகோடு ஏற்ற முடியவில்லை என்று சொல்லி எஃப்1 விசைக்காகக் காத்திருக்கும். சில எதுவும் சொல்லாமல் மெதுவாக ஓடும்.

பெயர் ஒன்றாக இருந்தால் பிராசசரும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இ8400-இல் முதலில் வந்த சி0 ஸ்டெப்பிங்கின் (ஒரே பெயரில் வரும் தயாரிப்புத் திருத்தம்) அடையாளம் 10676, பிறகு வந்த இ0-வுக்கு 1067ஏ. சி0 ஓடிய போர்டில் இ0 ஓட இன்னும் புதிய பயாஸ் தேவைப்படலாம். “என் நண்பன் இதே போர்டில் இதே இ8400 போட்டான்” என்ற சாட்சி செல்லாமல் போவது இங்கேதான். நண்பன் பொய் சொல்லவில்லை, அவன் மூடியில் எஸ்எல்ஏபிஎல் என்றிருந்தது, உங்கள் மூடியில் எஸ்எல்பி9ஜே என்றிருக்கிறது.

ஆகவே வேலையின் வரிசை முக்கியம். பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்து, மறுபடி ஏற்றி, பதிப்பு எண் மாறியிருப்பதைக் கண்ணால் பார்த்தபின்தான் புதியதைக் கையில் எடுக்க வேண்டும். பழைய பிராசசரை முதலிலேயே விற்றுவிட்டு வந்து நிற்பவர்களை என்ன சொல்வது? பயாஸ் எழுதும்போது யுபிஎஸ் இருக்கட்டும். பாதியில் கரண்ட் போனால் சிப் லெவல் சர்வீஸ் செய்பவரிடம்தான் போக வேண்டும். பயாஸ் சிப் எட்டுக் கால் உடைய சிறிய வகை என்றால் சிஎச்341ஏ என்ற மலிவு புரோகிராமரில் கவ்வி மாட்டித் திரும்ப எழுதிவிடுவார்.

புதிய பயாஸைத் தேடுவது இப்போது தனி வேலை. இன்டெல் டெஸ்க்டாப் போர்டுத் தொழிலை விட்டு விலகுவதாக 2013 ஜனவரியில் அறிவித்தது. 2019-ல் தன் பழைய போர்டுகளின் பயாஸ், டிரைவர் கோப்புகளைத் தளத்திலிருந்து நீக்கியது. இன்று கிடைப்பவை ஆர்வலர்கள் எடுத்து வைத்த பிரதிகள். கோப்பின் பெயரும் போர்டின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று சரிபார்க்காமல் எழுதினால் ஓடிக்கொண்டிருந்த மெஷினும் போய்விடும்.

பயாஸ் சரியாக இருந்தும் படம் வரவில்லையென்றால், பழைய பிராசசருக்காகப் போட்ட அமைப்புகள் உள்ளே தங்கியிருக்கலாம். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, அவை தங்கும் சிமாஸ் நினைவகத்தை, போர்டில் உள்ள ஜம்பரை மாற்றியோ பேட்டரியைக் கழற்றியோ அழிக்க வேண்டும். எப்படியும் கழற்றும் அந்த சிஆர்2032 பேட்டரி பத்து வருடம் பழையதாக இருக்கும், புதிதாகவே போட்டுவிடுங்கள்.

இனி பலர் பயந்து போகும் இடம். எல்லாம் ஓடுகிறது, ஆனால் வேகம் குறைவாகக் காட்டுகிறது. மூன்று கிகாஹெர்ட்ஸ் இ8400-க்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள், சிபியு-இசட் மென்பொருள் 2 கிகாஹெர்ட்ஸ் என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. இந்தப் பிராசசர்களின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. பஸ் துடிப்பு 333 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 9, ஆக 3 கிகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பில் நான்கு முறை தரவு போவதால் 333 துடிப்பை 1333 பஸ் என்றும் 266-ஐ 1066 பஸ் என்றும் சொல்வார்கள். வேலை இல்லாதபோது மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பெருக்கி 6-க்கு இறங்கும். 333-ஐ 6-ஆல் பெருக்கினால் 2 கிகாஹெர்ட்ஸ். கியூ6600-இன் துடிப்பு 266, அதனால் அது சும்மா இருக்கும்போது 1.6 காட்டும். ஒரு பெரிய கோப்பைச் சுருக்கக் கொடுத்துவிட்டு அப்போது பாருங்கள். எண் மேலே ஏறினால் கவலையே இல்லை.

சுமை கொடுத்தும் ஏறாமல் 6-லேயே நின்றால் பயாஸுக்குப் பிராசசரை அடையாளம் தெரியவில்லை என்று பொருள். சுமை கொடுத்ததும் ஏறி, அரை நிமிடம் கழித்து விழுந்து, ஏறி விழுந்து ஆடிக்கொண்டிருந்தால் அது சூடு. பெருக்கி 9 சரியாக இருந்து மொத்தம் மட்டும் 2.4 காட்டினால் போர்டால் 1333 பஸ்ஸைத் தர முடியவில்லை, 1066-ல் ஓட்டுகிறது. 266 பெருக்கல் 9. ஆகவே மொத்த வேகத்தைப் பார்த்துக் கலங்குவதை விட, துடிப்பு எவ்வளவு, பெருக்கி எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் நோய் எங்கே என்று தானே தெரிந்துவிடும். 945 குடும்பப் போர்டுகளில் 1333 பஸ் கேட்கும் பிராசசரைத் தேடுவதைவிட, 1066-லோ 800-லோ ஓடவே செய்யப்பட்ட ஒன்றை வாங்குவது புத்திசாலித்தனம். கேட்டதைத் தர முடியாத இடத்தில் மூன்று கிகாஹெர்ட்ஸுக்குக் காசு கொடுப்பானேன்?

சூட்டைப் பற்றி என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். 775-இன் ஹீட் சிங்க்கை நான்கு பிளாஸ்டிக் புஷ் பின்களை அழுத்தி மாட்ட வேண்டும். கேபினெட்டுக்குள் வைத்தே அழுத்தினால் போர்டு வளையும், அது உடைந்துவிடுமோ என்ற பயத்தில் கை தயங்கும். ஒருமுறை மூன்று பின் உட்கார்ந்து நான்காவது பாதியில் நின்றிருந்ததைக் கவனிக்காமல், பத்து நிமிடத்துக்கொரு தரம் அணைந்த மெஷினுக்காக இரண்டு நாள் எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். போர்டை வெளியே எடுத்து, எதிரெதிர் மூலையாக அழுத்தி, பின்புறம் நான்கு பிளாஸ்டிக் முனைகளும் விரிந்து வெளியே வந்திருப்பதைப் பார்த்து முடிப்பதுதான் ஒரே வழி. பேஸ்ட் மிளகு அளவுக்குச் சற்றுக் கூடப் போதும், தோசைக்குச் சட்னி மாதிரி பரப்ப வேண்டாம்.

பழைய ஹீட் சிங்க்கையே வைத்துக்கொள்வதும் இன்னொரு பொறி. செலரானோடு வந்தது முழு அலுமினியத்தில் குட்டையாக இருக்கும். குவாடுகளோடு வந்தது உயரமாக, நடுவே செம்புத் தண்டோடு இருக்கும். குட்டையை குவாட் மேல் வைத்தால் மெஷின் ஓடும், ஆனால் சுமை வந்ததும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஹீட் சிங்க் தொடவே இல்லையென்றால் சில விநாடிகளில் மொத்தமாக அணைந்துவிடும். மெதுவாவதும் அணைவதும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். 45 நானோமீட்டர் பிராசசர்கள் சிலவற்றில் வெப்ப உணரி ஒரே எண்ணில் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு, சும்மா இருக்கும்போது அது காட்டும் அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கை பட்டதால் வரும் கோளாறுகளும் தனி ரகம். 775-இல் ஊசிகள் பிராசசரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன. பிராசசரைச் சற்றுச் சாய்த்து விட்டால் போதும், ஒரு வரிசையே மடிந்துவிடும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார்த்தால் ஊசிகளின் பளபளப்பு ஒரே சீராகத் தெரிய வேண்டும். எங்கே சீர் கெடுகிறதோ அங்கே மடிந்திருக்கிறது, மெல்லிய தையல் ஊசியால் நிமிர்த்த வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஏஎம்டியில் ஏஎம்4 வரை நிலைமை தலைகீழ், ஊசி பிராசசரில் இருக்கும். இறுகிப்போன பேஸ்ட் ஹீட் சிங்க்கோடு பிராசசரையும் சேர்த்துப் பூட்டிய சாக்கெட்டிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வரும். கழற்றுமுன் மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நேராக இழுக்காமல் இடவலமாகத் திருகி எடுத்தால் தப்பலாம். பிராசசரை மாற்றுகையில் போர்டு வளைந்து ரேம் நழுவுவதும் சகஜம். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவது நம் மெக்கானிக்குகளின் முதல் மந்திரம். சிரிக்க வேண்டாம், பல நேரம் பலிக்கிறது.

775-ஐத் தாண்டி வந்தால், இன்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற பழைய கணினிச் சந்தைகளில் அதிகம் புழங்குவது அலுவலகங்கள் கழித்துவிட்ட எல்ஜிஏ 1155 பெட்டிகள். 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜ், 2012-ல் வந்த ஐவி பிரிட்ஜ் என்ற இன்டெல் பிராசசர் தலைமுறைகள் இரண்டுக்கும் சாக்கெட் ஒன்று. எச்61 போர்டில் ஐ3 2120-ஐ எடுத்துவிட்டு ஐ5 3470-ஐ வைக்க வேண்டுமானால் பயாஸ் மட்டும் புதிதானால் போதாது, அதே சிப்பில் இருக்கும் எம்இ என்ற ஃபர்ம்வேரும் 8-ஆம் பதிப்புக்கு ஏற வேண்டும். பல போர்டுகளில் இரண்டும் சேர்ந்தே ஏறும், சிலவற்றில் இடையில் ஒரு பதிப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். அலுவலகப் பெட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பி65, க்யூ65, க்யூ67 சிப்செட்டுகளை ஐவி பிரிட்ஜ் ஆதரவிலிருந்து இன்டெல் விட்டுவிட்டது. டெல் ஆப்டிபிளெக்ஸ் 790-ல் இருப்பது க்யூ65, 990-ல் க்யூ67. அதே காலத்து மலிவான எச்61-க்குக் கிடைத்த வாய்ப்பு அதை விட விலை கூடிய அலுவலகப் போர்டுக்குக் கிடைக்கவில்லை! அவற்றில் ஐ7 2600-தான் நியாயமான எல்லை. இந்தத் தலைமுறையில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருப்பதால், ஒரு ஊசி மடிந்தால்கூட ஒரு ரேம் ஸ்லாட் செத்தது போலத் தெரியும். 775-இல் ரேம் கட்டுப்பாடு போர்டின் சிப்செட்டில் இருந்தது, எனவே அங்கே பழக்கப்பட்டவர்கள் இங்கே ஸ்லாட்டையே பழி சொல்லி ஏமாறுவார்கள்.

அதற்குப் பின் வந்தவற்றுக்கும் கதை இதுவேதான். எல்ஜிஏ 1151 என்ற பெயரில் ஆறு, ஏழாம் தலைமுறைக்கு ஒரு வகைப் போர்டு, 2017 இறுதியில் வந்த எட்டாம் தலைமுறைக்கு வேறு வகை. ஏஎம்டியின் ஏஎம்4-ல் சாக்கெட் மாறவில்லை, ஆனால் பல போர்டுகளின் 16 எம்பி பயாஸ் சிப்பில் புதிய ரைசன் பிராசசர்களுக்கு இடம் செய்யப் பழைய பிராசசர்களின் ஆதரவை வெட்ட வேண்டியிருந்தது. புதியதை ஏற்றியபின் பழையதற்குத் திரும்ப முடியாமல் போவதும் அதனால்தான்.

விண்டோஸ் பக்கம் சிக்கல் குறைவு. எக்ஸ்பியில் ஒற்றைக் கோரிலிருந்து இரட்டைக்கு மாறினால் அது பெரும்பாலும் தானாகக் கண்டுபிடித்து ஒருமுறை ரீஸ்டார்ட் கேட்கும். விண்டோஸ் 7-லும் அதற்கு மேல் பெரிய தொல்லை இல்லை. நான்கு கோரில் இரண்டுதான் தெரிகிறது என்றால் விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பகுதியில் யாரோ எண்ணைக் குறித்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், ‘வேகமாக்கும் ரகசியம்’ என்று வலம் வந்த அரைகுறை வைத்தியம் அது.

செலவு விஷயத்தில் என் கருத்து இது. 775 மெஷினில் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் ஓடுகிறது என்றால், பிராசசருக்கு முன் எஸ்எஸ்டி வாங்குங்கள். 945-லும் ஜி31-லும் ரேம் 4 ஜிபிக்கு மேல் ஏறாது. 945-ல் அந்த நான்கிலும் மூன்று சொச்சம்தான் கண்ணில் தெரியும், 64 பிட் விண்டோஸ் போட்டாலும் அப்படியே. அந்த ரேமுக்குக் குவாட் போடுவது கட்டை வண்டிக்கு நாலாவது மாடு பூட்டுவது போல. ஜி41 என்றால் 8 ஜிபி வரை போகலாம், அங்கே குவாடுக்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் 775-க்கு ஒரு சுவர் இருக்கிறது. விண்டோஸ் 10-இன் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ 4.2 கட்டளைகளைக் கேட்கிறது, கோர் 2 வரிசையில் மிக உயர்ந்த குவாடிலும் அவை இல்லை. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லுக்கான சோதனையைத் தாண்டும் குறுக்கு வழிகள் இங்கே உதவாது, ஏனென்றால் பிராசசருக்கு அந்தக் கட்டளையே தெரியாது, மெஷின் எழவே எழாது. சாண்டி பிரிட்ஜுக்குத் தெரியும். அதனால் கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை 775-இன் குவாடில் போடுவதா, அலுவலகம் கழித்த 1155 பெட்டியில் போடுவதா என்று கேட்பவர்களிடம் நான் இரண்டாவதையே சொல்கிறேன். என் எஸ்எல்ஏசிஆர் கியூ6600 மட்டும் லினக்ஸ் ஏற்றிக்கொண்டு பிரிண்டருக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த மெஷினோடு முதலில் வந்த செலரான் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது.